ரைம்ஸ் தெரிந்த பிள்ளைக்கு வாக்கியம் வருவது எப்படி: பாட்டு வழியே ஆங்கில இலக்கணம்

எல்.கே.ஜி. முடிக்கும் பிள்ளைக்குப் பத்துப் பதினைந்து ஆங்கிலப் பாட்டுகள் மனப்பாடமாகத் தெரியும். கையை ஆட்டி, தலையைச் சாய்த்து, ஒரு சொல் தவறாமல் பாடும். அதே பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வந்தபின், பக்கத்தில் இருப்பவனிடம் பென்சில் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னால், 'யூ ஹேவ் பென்சில்?' என்றுதான் கேட்கும். இத்தனை ஆண்டுகள் பாடிய பாட்டில் ஒழுங்கான கேள்வி வாக்கியங்கள் எத்தனையோ இருந்தன. 'ஆர் யூ ஸ்லீப்பிங், பிரதர் ஜான்?' என்பதே சரியான நிகழ்காலத் தொடர்வினைக் கேள்விதான். ஆனால் அது கேள்வி என்று பிள்ளைக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை அது ஒரு நீளமான ஒலி.

பாட்டு தானாக இலக்கணம் கற்றுக்கொடுக்காது. சொற்கள் எந்த வரிசையில் வரவேண்டும் என்பதைக் காதில் அழுத்தமாகப் பதித்து வைக்கும். பலமுறை சொல்லிக்கொடுத்தும் பதியாத வரிசை, பாட்டில் எளிதாகப் பதியும். பதிந்த வரியைப் பிரிப்பது, உள்ளே ஒரு சொல்லை மாற்றுவது, ராகத்தைக் கழற்றிவிட்டுப் பேச்சாகச் சொல்ல வைப்பது எல்லாம் ஆசிரியரின் வேலை. பெரும்பாலான வகுப்புகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. பாட்டு பாடியாயிற்று, பிள்ளைகள் மகிழ்ந்தார்கள், மணி அடித்துவிட்டது. இரண்டாம் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

நம் மரபில் இலக்கணத்தைப் பாட்டாகப் படிப்பது புதிதில்லை. நன்னூலின் நூற்பாக்களைத் தலைமுறை தலைமுறையாக ஒப்பித்தோம். ஆனால் அங்கே விதியே பாட்டாக இருந்தது. எடுத்துக்காட்டை உரையாசிரியர் கொடுத்தார். ஆங்கிலப் பாட்டு வழிக் கற்பித்தலில் இது தலைகீழ். எடுத்துக்காட்டு பாட்டாக இருக்கிறது, விதியை நாம் எடுத்துக்கொடுக்க வேண்டும். விதி எங்கும் எழுதப்படவில்லை என்பதால், அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பிள்ளைக்குக் கிடைக்கிறது. சரியாகச் செய்தால் இந்த முறையின் பெரிய பலன் அதுதான்.

எந்தப் பாட்டு?

முதலில் ஓர் எளிய சோதனை. பாட்டின் வரிகளை ராகமில்லாமல், சாதாரணமாகப் பேசுவதுபோல் படித்துப் பாருங்கள். இன்றைக்கு ஒருவர் இப்படிப் பேசுவாரா? பேசமாட்டார் என்றால் அந்த வரியை இலக்கணத்துக்கு எடுக்காதீர்கள்.

'பா பா பிளாக் ஷீப்' இந்தச் சோதனையில் தோற்கும். 'ஹேவ் யூ எனி ஊல்?' என்பது பழைய நடை. இன்று 'டு யூ ஹேவ் எனி ஊல்?' என்றுதான் கேட்பார்கள். பிள்ளை அந்த வரியைப் பின்பற்றி 'ஹேவ் யூ எனி பென்சில்?' என்று கேட்டால், பாட்டைச் சரியாகக் கற்றதற்காகத் திருத்து வாங்கும். மாற்றிப் பாடுவது கடினமில்லை. 'டு யூ ஹேவ்' மூன்று சொல்லையும் ஒரே தட்டுக்குள் விரைவாகச் சொன்னால் தாளம் கெடாமல் பொருந்தும். பிள்ளைகள் பழைய வரியில் ஊறியிருந்தால் இரண்டையும் கரும்பலகையில் எழுதி, இது பாட்டுக்கு, இது பேச்சுக்கு என்று பிரித்துக் காட்டிவிடுங்கள்.

இரண்டாவது, ஒரே அமைப்பு குறைந்தது நான்கு முறையாவது திரும்ப வரவேண்டும். கதை சொல்லும் பாட்டுகள் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் வரிக்கு வரி அமைப்பு மாறினால் பிள்ளையால் எதையும் பிடிக்க முடியாது.

பெரிய வகுப்புகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் பாப் பாட்டுகளை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். 1965-ல் வந்த பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாட்டு 'டிக்கெட் டு ரைட்'. அதில் 'ஷி டோன்ட் கேர்' என்று வரும். இலக்கணப்படி அது 'டஸின்ட்'. அதே ஆண்டில் வந்த ரோலிங் ஸ்டோன்ஸின் புகழ்பெற்ற 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் இரட்டை எதிர்மறை இருக்கிறது. இவை பிழை என்று ஒதுக்கவேண்டியதில்லை. பேச்சு வழக்கின் இயல்பான வடிவங்கள் அவை. எது தேர்வில் எழுதும் வடிவம் என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு ஒப்பிட்டுக் காட்டலாம். எட்டாம் வகுப்பில் இப்போதுதான் 'டஸின்ட்' படிக்கும் பிள்ளைக்கு முன்னால் வைக்கக்கூடாது.

பேருந்தும் 'ஸ்' ஒலியும்

'த வீல்ஸ் ஆன் த பஸ்' எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. எழுவாய்க்கு ஏற்ப வினை மாறுவதைக் கற்பிக்க இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரிந்து இல்லை. சக்கரங்கள் பல, அதனால் 'கோ'. ஹார்ன் ஒன்று, அதனால் 'கோஸ்'. வைப்பர்கள் இரண்டு, மறுபடி 'கோ'. டிரைவர் ஒருவர், 'சேஸ்'. ஒருமையும் பன்மையும் மாறி மாறி வருகின்றன. பலரும் இதைக் கைச்சைகைப் பாட்டாக மட்டும் பாடவைத்துவிட்டு விடுகிறார்கள்.

தமிழ்ப் பிள்ளை இங்கே ஏன் தடுமாறுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. தமிழில் எழுவாய்க்கு எழுவாய் வினைமுற்று மாறும்: போகிறேன், போகிறாய், போகிறான், போகின்றன. ஆகவே எழுவாய்க்கேற்ப வினை மாறுவது என்பதே நமக்குப் புதிதில்லை. ஆங்கில நிகழ்காலத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒட்டு வருகிறது. மற்ற இடமெல்லாம் மொட்டையாக நிற்கிறது. இதற்குமேல் இன்னொரு குழப்பம்: 'ஸ்' என்றால் பன்மை என்று பெயர்ச்சொல் பாடத்தில் படித்துவிட்டது. அதனால் 'வீல்ஸ்' என்ற பன்மைக்கு 'கோஸ்' என்ற வினைதான் பொருத்தமாகத் தோன்றுகிறது.

இன்னும் நுட்பமான சிக்கல் நடுவில் இருக்கும் 'ஆன் த பஸ்'. எழுவாய் 'வீல்ஸ்' என்றாலும், வினைக்குப் பக்கத்தில் இருப்பது 'பஸ்' என்ற ஒருமை. காது பக்கத்துச் சொல்லைத்தான் பிடிக்கும். 'த வீல்ஸ் ஆன் த பஸ் கோஸ்' என்ற பிழை அப்படித்தான் வருகிறது. பட்டதாரிகள் எழுதும் விண்ணப்பக் கடிதங்களிலும் இதே பிழை உண்டு.

ஆகவே முதல்முறை 'ஆன் த பஸ்' இல்லாமல் சொல்லவையுங்கள். 'த வீல்ஸ் கோ', 'த ஹார்ன் கோஸ்', 'த வைப்பர்ஸ் கோ', 'த டிரைவர் சேஸ்'. கரும்பலகையில் இரண்டு பத்தி: இடப்பக்கம் பன்மை, வலப்பக்கம் ஒருமை. 'ஸ்' வரும் இடங்களைப் பிள்ளைகளே வந்து சிவப்புச் சாக்பீஸால் வட்டமிடட்டும். ஒவ்வொரு வரியிலும் சிவப்பு வட்டம் ஒன்றுதான் இருக்கும்: பெயரில் இருந்தால் வினையில் இல்லை, வினையில் இருந்தால் பெயரில் இல்லை. இதைப் பிள்ளைகள் தாங்களாகச் சொல்லும்வரை காத்திருங்கள். நீங்கள் சொல்லிவிட்டால் அது இன்னொரு விதியாகிவிடும். பிறகு 'சில்ட்ரன்', 'பீப்பிள்' போன்ற சொற்களைக் கொடுத்து இந்தக் கணக்கு எங்கே பொருந்தாது என்று காட்டலாம். அது மறுநாள் வேலை. கடைசியாக 'ஆன் த பஸ்' சொற்றொடரைத் திரும்ப நடுவில் செருகிப் பாடுங்கள்.

அடுத்து சொல்லை மாற்ற வேண்டும். 'த கண்டக்டர் ஆன் த பஸ் சேஸ் டிக்கெட், டிக்கெட், டிக்கெட்.' 'த பாசெஞ்சர்ஸ் ஆன் த பஸ் சே ஸ்டாப், ஸ்டாப், ஸ்டாப்.' பிள்ளைகளிடம் விட்டால் பேருந்தில் இருக்கும் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடுவார்கள். ஒவ்வொரு புது வரிக்கும் 'ஒன்றா, பலவா?' என்று கேளுங்கள். 'கண்டக்டர்' என்ற சொல்லில் 'டிரைவர்' என்பதைவிட ஓர் அசை கூடுதல். ஆனாலும் தாளத்தில் உட்கார்ந்துவிடும். மாற்றுச் சொல் தேடும்போது அசைகளை எண்ணவேண்டாம், கைத்தட்டு எத்தனை விழுகிறது என்று பாருங்கள். வரிக்கு நான்கு தட்டு சரியாக விழுந்தால் பாட முடியும்.

ஒரு பாடவேளைக்கு ஒரு குறிதான். 'கோஸ்' என்பதன் கடைசி ஒலி ஆங்கிலத்தில் சற்று அதிர்வோடு வரும். தமிழில் அந்த ஒலி இல்லை. அதை அன்றைக்கே திருத்தப் போகாதீர்கள். 'ஸ்' காதில் விழுகிறதா, அது போதும். நாற்பது பேர் சேர்ந்து பாடும் அறையில் பின்பெஞ்சுக்கு முதலில் கேட்காமல் போகும் ஒலி அதுதான் என்பதால், ஒலிபெருக்கியை நம்பாமல் ஆசிரியரே அந்த ஒலியை நீட்டிச் சொல்லிக்காட்டுவது நல்லது.

மேரியின் ஆட்டுக்குட்டி

'எ', 'த' இரண்டும் தமிழில் இல்லை. அதனால் நம் பிள்ளைகள் ஆர்ட்டிகிளை விட்டுவிடுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வோம். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அந்தச் சொற்கள் அவர்கள் காதில் விழுவதே இல்லை என்பது மற்றப் பாதி. ஆங்கிலப் பேச்சில் அழுத்தம் விழும் அசைகள் தாளத்தட்டில் வரும். மற்றவை தட்டுக்கு நடுவே நசுங்கிப் போகும். 'மேரி ஹேட் எ லிட்டில் லாம்ப்' பாடிக்கொண்டே கை தட்டிப் பாருங்கள். மே, ஹேட், லிட், லாம்ப் என்று நான்கு தட்டு. 'எ' இரண்டாம் மூன்றாம் தட்டுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளை 'ஹேடெ' என்று ஒரே சொல்லாகக் கேட்கிறது. தட்டு விழும்போது கைத்தட்டலும், நடுவில் விழும் சொல்லுக்குத் தொடையில் மெல்லிய விரல்தட்டும் என்று வைத்துப் பாடவைத்தால், அங்கே ஒரு சொல் இருக்கிறது என்பது முதன்முறையாகத் தெரியவரும்.

சாரா ஜோசஃபா ஹேல் எழுதி 1830-ல் பாஸ்டனில் அச்சான பாட்டு இது. எடிசன் 1877-ல் தன் ஃபோனோகிராஃப் கருவியில் சொல்லிப் பார்த்ததும் இதன் வரிகளைத்தான். இன்று பாடப்படும் வடிவில் முதல் இரண்டு பத்திகளை எடுத்துக்கொண்டால் ஆர்ட்டிகிள் பற்றிய பாடம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. முதன்முதலில் வரும்போது 'எ லிட்டில் லாம்ப்'. கேட்பவருக்கு அது எந்த ஆடு என்று தெரியாது. அடுத்து வரும்போது 'த லாம்ப்', இப்போது தெரியும். பிறகு 'த ரூல்', 'த சில்ட்ரன்'. இவை முன்னால் சொல்லப்படவில்லையே, ஏன் 'த'? பள்ளிக்கூடம் என்ற பேச்சு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் என்றால் அங்கே ஒரு விதி இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள், யாரைச் சொல்கிறோம் என்பதில் ஐயமில்லை. கடைசி வரியில் வருவது இன்னும் அருமை: பிள்ளைகள் சிரிக்கிறார்கள், 'டு சீ எ லாம்ப் அட் ஸ்கூல்'. நமக்குத் தெரிந்த அதே ஆடு திடீரென்று மறுபடி 'எ' ஆகிவிட்டது. ஏனென்றால் இப்போது பிள்ளைகளின் கண்ணால் பார்க்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆடா! நாமும் அந்த இடத்தில் 'ஒரு' போட்டுத்தான் வியப்போம்.

இதே வரிகளில் 'டு ஸ்கூல்', 'அட் ஸ்கூல்' இரண்டிலும் ஆர்ட்டிகிள் இல்லை என்பதையும் பிள்ளைகள் கவனிப்பார்கள். மேரி என்ற பெயருக்கு முன்னும் இல்லை, 'ஸ்னோ' என்பதற்கு முன்னும் இல்லை.

பயிற்சி இப்படி: இந்த எட்டு வரிகளிலிருந்து ஐந்து ஆர்ட்டிகிள்களையும் எடுத்துவிட்டு எழுதிக்கொடுங்கள். கோடிட்ட இடம் விடாதீர்கள். கோடு போட்டால் எங்கே வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 'எ'யா 'த'வா என்ற ஊகம் மட்டும்தான் மிச்சம். நம் பிள்ளைகளின் பிழை தவறான ஆர்ட்டிகிள் போடுவதைவிட, போடவேண்டிய இடமே தெரியாமல் விடுவதுதான். ஆகவே இடத்தையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். தாளம் இங்கே உதவும்: நடுவில் விரல்தட்டு இல்லாமல் வரி நொண்டும்போது ஏதோ குறைகிறது என்று காதே சொல்லிவிடும். 'எ' இரண்டு, 'த' மூன்று என்ற கணக்கை மட்டும் முன்பே சொல்லலாம்.

இந்தப் பாட்டில் இல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும். 'ஹி இஸ் எ டாக்டர்' போன்ற வாக்கியத்தில் நாம் தமிழில் 'ஒரு' போடுவதில்லை. 'அவர் டாக்டர்' என்கிறோம். அதனால் இந்த 'எ' மிக எளிதாக விடுபடும். அதற்கு வேறு பாட்டோ, ராகமில்லாமல் தாளத்தோடு சொல்லும் சாண்ட்டோ வேண்டும்.

போயிருக்கிறேன், போனேன்

பிரசன்ட் பெர்பெக்ட்டுக்கு 'புஸ்ஸிகேட், புஸ்ஸிகேட், வேர் ஹேவ் யூ பீன்?' என்ற பாட்டு. நான்கே வரி, இரண்டு கேள்வி, இரண்டு பதில். எங்கே போயிருந்தாய் என்று கேட்கும்போது 'ஹேவ் பீன்'. லண்டனுக்கு, ராணியைப் பார்க்க என்று பதில் வந்ததும், அங்கே என்ன செய்தாய் என்ற கேள்வி 'டிட்' ஆகிவிடுகிறது. பதில் 'ஐ ஃப்ரைட்டன்ட்' என்று சிம்பிள் பாஸ்டில் வருகிறது. எப்போது, எந்தப் பயணம் என்பது குறிப்பாகிவிட்ட நொடியில் காலம் மாறுகிறது. பாடநூலில் ஒரு பக்கம் விளக்கும் வேறுபாடு நான்கு வரியில் நடந்துமுடிகிறது. சில அச்சுகளில் மூன்றாம் வரி 'வாட் டிட் யூ தேர்?' என்று பழைய வடிவில் இருக்கும். 'வாட் டிட் யூ டூ தேர்?' என்ற வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் தடுமாற்றம் இங்கே இரண்டு. தமிழில் 'அவர் நேற்றே வந்திருக்கிறார்' என்று சொல்லலாம், குற்றமில்லை. ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' என்ற சொல் வந்துவிட்டால் 'ஹேஸ் கம்' கூடாது. இரண்டாவது, 'அப்பா மதுரைக்குப் போயிருக்கிறார்' என்றால் இப்போது மதுரையில் இருக்கிறார் என்றும் இருக்கலாம், எப்போதோ போய்வந்திருக்கிறார் என்றும் இருக்கலாம். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரிக்கிறது: இன்னும் அங்கே இருந்தால் 'கான்', திரும்பிவந்துவிட்டால் 'பீன்'. பூனை கண்முன் உட்கார்ந்து பதில் சொல்கிறது என்பதால் 'பீன்'. 'ஐ ஹேவ் கான் டு மதுரை' என்று நம் எதிரில் நின்று சொல்லும் பிள்ளையிடம், 'அப்படியானால் இங்கே நிற்பது யார்?' என்று கேட்டால் உடனே புரிந்துவிடும்.

வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் கேட்க, மறுபக்கம் பதில் சொல்லவேண்டும். மூன்று முறை பாடியதும் ஊர் மாறட்டும்: 'ஐ ஹேவ் பீன் டு மதுரை.' 'வாட் டிட் யூ டூ தேர்?' 'ஐ சா த டெம்பிள் டேங்க்.' பிறகு ஆள் மாறவேண்டும். இதுதான் முக்கியமான படி. பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான். 'வேர் ஹேவ் யூ பீன்' என்று நூறுமுறை பாடிய பிள்ளை 'வேர் ஹேவ் ஹி பீன்' என்று சொல்லும். வரி அதன் வாயில் இறுகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். 'ஹேஸ் ஹி', 'ஹேஸ் செல்வி', 'ஹேவ் தே' என்று மாற்றி மாற்றிக் கேட்டால்தான் இறுக்கம் நெகிழும்.

ஜாக் கட்டிய வீடு

எட்டாம் வகுப்புக்கு மேல் ரிலேட்டிவ் கிளாஸ், அதாவது ஒரு பெயரை விளக்கும் துணைவாக்கியம், வரும்போது 'திஸ் இஸ் த ஹவுஸ் தட் ஜாக் பில்ட்' என்ற பழைய தொடர்ப்பாட்டை எடுங்கள். ராகம் தேவையில்லை, தாளத்தோடு சொன்னாலே போதும். நான்காம் சுற்றில் வரும் வாக்கியம் இது: 'திஸ் இஸ் த கேட் தட் கில்ட் த ரேட் தட் ஏட் த மால்ட் தட் லே இன் த ஹவுஸ் தட் ஜாக் பில்ட்.' இதையே தமிழில் சொல்லுங்கள்: 'ஜாக் கட்டிய வீட்டில் கிடந்த தானியத்தைத் தின்ற எலியைக் கொன்ற பூனை இது.' ஆங்கிலம் பூனையில் தொடங்கி ஜாக்கில் முடிகிறது. தமிழ் ஜாக்கில் தொடங்கிப் பூனையில் முடிகிறது. நடுவில் ஒரு கண்ணிகூட இடம் மாறவில்லை. திசை மட்டும் மாறியிருக்கிறது.

பூனை, எலி, தானியம், வீடு, ஜாக் என்று ஐந்து பட அட்டைகளைக் கரும்பலகைக்குக் கீழே வரிசையாக நிறுத்துங்கள். இடமிருந்து வலமாகச் சுட்டிக்கொண்டே ஆங்கிலம் சொல்லட்டும், வலமிருந்து இடமாகச் சுட்டிக்கொண்டே தமிழ். இரண்டு சுற்று முடிந்தால் போதும். நம் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும், ஆங்கிலத்தில் அந்த விளக்கம் பெயருக்குப் பின்னால் போகும் என்பதை யாரும் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. தமிழ் தெரிந்திருப்பது ஆங்கிலம் படிக்கத் தடை என்று நினைக்கும் வகுப்பறைகளில் இந்தப் பயிற்சியை அவசியம் செய்துபார்க்க வேண்டும். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கணம்தான் இங்கே வழிகாட்டுகிறது.

வழக்கமான பிழை ஒன்று உண்டு: 'த ஹவுஸ் தட் ஜாக் பில்ட் இட்'. 'பில்ட்' என்ற வினைக்கு ஒரு செயப்படுபொருள் வேண்டுமே என்று பிள்ளை 'இட்' சேர்க்கிறது. அந்தச் செயப்படுபொருள் ஏற்கெனவே முன்னால் போய் நிற்கும் 'ஹவுஸ்' தான். ஒவ்வொரு சுற்றும் 'பில்ட்' என்ற சொல்லில் தாளம் முடிந்துவிடுவதால் 'இட்' நுழைய இடமே இல்லை. மற்றக் கண்ணிகளில் 'தட்' உடனே வினையைத் தொடுகிறது, கடைசிக் கண்ணியில் மட்டும் நடுவே ஜாக் வருகிறான் என்பதையும் சுட்டிக்காட்டுங்கள்.

சொந்தத் தொடர் எழுதச் சொல்லும்போது நான்கு கண்ணிக்கு மேல் வேண்டாம். 'திஸ் இஸ் த பாய் தட் டிராப்ட் த பாட் தட் ஹெல்ட் த மில்க் தட் கேம் ஃப்ரம் த கவ் தட் வேலு பாட்.' ஆளைக் குறிக்க 'தட்' வருவது ஆங்கிலத்தில் சரிதான். ஆனால் தேர்வில் 'ஹூ' எதிர்பார்ப்பார்கள் என்பதை ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லிவிடுங்கள்.

இறந்தகால 'ட்'

'டென் இன் த பெட்' பாட்டில் சிறுவன் 'ரோல் ஓவர்' என்று சொல்கிறான், எல்லோரும் 'ரோல்ட் ஓவர்'. கட்டளைக்கும் இறந்தகாலத்துக்கும் ஒரே ஓர் ஒலிதான் வேறுபாடு, இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன. 'ஃபெல் அவுட்' என்ற விதிவிலக்கு வினையும் கூடவே வருகிறது. முடிவில் 'தேர் வேர்' என்பது 'தேர் வாஸ்' ஆகிறது.

இந்த 'ட்' ஒலியில் நம் பிள்ளைகள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒன்று, விட்டுவிடுவது. மற்றது, 'ரோல்டு' என்று பின்னால் ஓர் உகரம் சேர்ப்பது. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. குற்றியலுகரம் வந்து தாங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் வருகிறது. பேச்சில் இது பெரிதாகத் தெரியாது. பாட்டில் உடனே தெரியும், ஏனென்றால் கூடுதல் அசைக்குத் தாளத்தில் இடமில்லை. 'ரோல்டு ஓவர்' என்று பாடும் பிள்ளை பாட்டுக்குப் பின்தங்கிவிடும். திருத்த வழி நன்னூலிலேயே இருக்கிறது: 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே.' மெய்யோடு அடுத்த சொல்லின் உயிர் சேரட்டும். 'ரோல்டோவர்' என்று ஒரே மூச்சில் வரும். உகரமும் போய்விடும், இறந்தகாலக் குறியும் காதில் விழும்.

'டென் கிரீன் பாட்டில்ஸ்' பாட்டை, 'இஃப்' வரும் நிபந்தனை வாக்கியமான கண்டிஷனலுக்கு எடுப்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அதில் 'ஷுட் ஆக்சிடென்ட்லி ஃபால்' என்று வருகிறது. சுவர் என்று பொருள்படும் 'வால்' என்ற சொல்லோடு ஒலி ஒத்து முடிய அந்த வடிவம் தேவைப்பட்டது. பிள்ளை பேசவேண்டியது 'இஃப் இட் ஃபால்ஸ்'. ஒருமை பன்மைக்கு மட்டும் அந்தப் பாட்டு போதும்.

நாற்பது நிமிடத்தில்

முதல் ஐந்து நிமிடம் பாட்டைக் கேட்கட்டும், கையில் தாள் இருக்கக்கூடாது. தாள் இருந்தால் கண் ஓடும், காது நின்றுவிடும். இரண்டாம் முறை கேட்கும்போது தட்டுகள் மட்டும். யூடியூபில் கிடைக்கும் பெரும்பாலான ரைம்ஸ் காணொளிகள் வேகமானவை, 0.75 வேகத்தில் வைத்தால் ஒலி அதிகம் சிதையாமல் மெதுவாகும். அடுத்த ஏழெட்டு நிமிடம் ராகமில்லாமல் வரி வரியாகச் சொல்லிப் பழகுதல். பிறகுதான் எழுத்து.

கோடிட்ட இடம் நிரப்பும் தாள் தயாரிப்பதில் அடிக்கடி நடக்கும் தவறு, வரிக் கடைசியில் ஒலி ஒத்து முடியும் சொற்களை எடுத்துவிடுவது. 'ஸ்னோ'வை எடுத்தால் 'கோ'வை வைத்து ஊகித்துவிடலாம். இலக்கணத்துக்கு அங்கே வேலையில்லை. அன்றைக்கு எந்த அமைப்போ அந்தச் சொல்லை மட்டும் எடுங்கள். இரண்டு வரிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். எழுதி முடிக்கும் முன்னே பாட்டு ஓடிவிட்டால் பிள்ளை பயந்து பேனாவை வைத்துவிடும். இன்னொன்று, பிள்ளைகள் ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொள்வார்கள். முதல் நாளைக்குத் தடுக்கவேண்டாம். ஆனால் விதி தேடும் கட்டத்தில் ஆங்கில எழுத்திலேயே பார்க்கவேண்டும். ஒட்டுகள் கண்ணுக்குத் தெரிவது அங்கேதான்.

பத்து நிமிடம் கரும்பலகையில் விதி தேடல், பத்து நிமிடம் சொல் மாற்றிப் பாடுதல். கடைசி ஐந்து நிமிடம் ராகத்தை விட்டுவிட்டு இருவர் இருவராகப் பேசுதல். நேரம் குறைந்தால் முதலில் வெட்டவேண்டியது பாடுவதை. பேசுவதை வெட்டாதீர்கள்.

குரல் வராது, கூச்சமாக இருக்கிறது என்னும் ஆசிரியர்களுக்குக் கரோலின் கிரஹாம் காட்டிய வழி இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பிறநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தவர் அவர். அவருடைய 'ஜாஸ் சாண்ட்ஸ்' 1978-ல் வெளிவந்தது. ராகம் கிடையாது, பேச்சு ஆங்கிலத்தையே ஜாஸ் தாளத்தில் கேள்வி பதிலாகச் சொல்வது. இதை நாமே கட்டிக்கொள்ளலாம். 'டஸ் ஷி லைக் டீ? யெஸ், ஷி டஸ். டஸ் ஷி லைக் மில்க்? நோ, ஷி டஸின்ட்.' மேசையில் தட்டிக்கொண்டு சொன்னால் போதும். 'டஸ் ஷி லைக்ஸ்' என்ற பிழைக்கு இது நேரான மருந்து. 'ஸ்' ஏற்கெனவே 'டஸ்' என்பதில் செலவாகிவிட்டது, வினைக்கு மிச்சமில்லை.

பதினொன்றாம் வகுப்புக்கும் பெரியவர்களுக்கும் ரிப்போர்ட்டட் ஸ்பீச், அதாவது அயற்கூற்று, கற்பிக்க ஒரு பாட்டு உண்டு. ஹாலிவுட் இயக்குநர் ஹிட்ச்காக் 1956-ல் எடுத்த படத்துக்காக ஜே லிவிங்ஸ்டனும் ரே எவன்ஸும் எழுதி டோரிஸ் டே பாடிய 'கே சரா சரா'. தமிழில் 1957-ல் 'ஆரவல்லி' படத்தில் வந்த 'சின்னப் பெண்ணான போதிலே' அதே மெட்டுதான் என்பதால் பழைய பாட்டு கேட்பவர்கள் உடனே சேர்ந்துகொள்வார்கள். சிறுமி தாயிடம் கேட்கிறாள், வளர்ந்தபின் காதலனிடம் கேட்கிறாள், பிறகு அவளுடைய பிள்ளைகள் அவளிடம் கேட்கிறார்கள். முதல் இரண்டும் இறந்தகாலம், மூன்றாவது நிகழ்காலம். பாட்டில் சிறுமியின் கேள்வி நேர்க்கூற்றாகவே நிற்கிறது. அதை அயற்கூற்றாக மாற்றச் சொல்லுங்கள். தமிழில் கேள்வியை அப்படியே வைத்து 'என்று கேட்டேன்' சேர்த்தால் முடிந்தது. ஆங்கிலத்தில் 'வில் ஐ' என்பது 'ஐ வுட்' ஆகிறது. சொல் வரிசை திரும்பவேண்டும், காலம் பின்னே போகவேண்டும். மாற்றி எழுதிய வரியை மெட்டில் பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். சிரமப்பட்டுத்தான் உட்காரும், அதனாலேயே மறக்காது.

ஒரு வாரம் கழித்துச் சோதியுங்கள். பாட்டின் பெயரைச் சொல்லாமல், பேச்சோடு பேச்சாக 'வேர் ஹேஸ் யுவர் சிஸ்டர் பீன்?' என்று கேளுங்கள். பதில் சொல்லுமுன் பிள்ளை வாய்க்குள் மெட்டை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டால் தடுக்காதீர்கள். காதிலிருந்து வரிசையை எடுத்துக்கொண்டிருக்கிறது. முணுமுணுத்தும் 'ஷி ஹேவ் பீன்' என்று வந்தால் பாட்டைத் திரும்பப் பாடவைப்பதில் பயனில்லை. ஆள்மாற்றும் பயிற்சியை இன்னும் இரண்டு நாள் செய்யுங்கள். முணுமுணுப்பு இல்லாமலே 'ஷி ஹேஸ் பீன்' வந்தபின் அடுத்த பாட்டை எடுக்கலாம்.